தன்மோகத் தாயின் வீட்டைக் கதையாக எழுதுவது எப்படி: புதிதாக எழுதுவோருக்கு

தன்மோகம் என்பது தன்னையே நடுவில் வைத்து, பிறரின் புகழில் வாழும் குணம்; ஆங்கிலத்தில் நாசிசிசம். அப்படியான ஒரு தாயைப் பற்றி முதன்முறை எழுத உட்காருபவர்கள் அநேகமாக அம்மாவிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அவளுடைய ஏச்சு, அவளுடைய சேலை, அவளுடைய பொய். மூன்றாம் பக்கம் வருவதற்குள் அவள் தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியாராகிவிடுகிறாள். மற்றவர்கள் ஏச்சு வாங்குவதற்கென்று நிறுத்திவைத்த ஆட்களாகிவிடுகிறார்கள். இப்படியான ஒரு தாயின் ஆட்சி, அவள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் சரியாகத் தெரியும். அவள் கோயிலுக்குப் போயிருக்கும்போதும் தொலைக்காட்சியின் சத்தம் ஏன் குறைவாகவே இருக்கிறது என்று எழுதத் தெரிந்தால் கதை கைக்குள் வந்துவிட்டது. எனவே வீட்டை எழுதுங்கள். அம்மா அதற்குள் வருவாள்.

விளக்கத்துக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இறங்கும் ஒழுங்கை ஒன்று. அங்கே ஒரு தொடர்மாடியின் நான்காவது மாடி. அம்மா, வங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற அப்பா, மூத்த மகள், நடுவில் மகன், கடைசி மகள். 3,000 முதல் 4,000 சொற்கள் வரையான சிறுகதைக்கு இந்த ஐந்து பேரும், தொலைபேசியில் மட்டும் வரும் கனடாச் சித்தி ஒருவரும் போதும். ஆறாவது ஆள் நேரில் வந்தால் யாரோ ஒருவர் வெறும் பெயராகிவிடுவார்.

முதலாவது படி: எந்தத் தாய் என்று தீர்மானியுங்கள்

கண்டிப்பான தாய், பயந்த தாய், மனச்சோர்வில் இருக்கும் தாய், தன்மோகத் தாய் என்ற நால்வரும் பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பறித்துப் பார்க்கக்கூடியவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் செயல் ஒன்றுதான். பிரித்தறிய ஒரு சோதனைக் காட்சியை எழுதிப் பாருங்கள்: பிள்ளைக்கு நூற்றி மூன்று காய்ச்சல், வீட்டில் வேறு யாரும் இல்லை, யாருக்கும் தெரியவரப்போவதும் இல்லை. பயந்த தாய் இரவு முழுக்க விழித்திருப்பாள், காய்ச்சல் இறங்கியதும் ஆறிவிடுவாள். தன்மோகத் தாய்க்கு அந்தக் காய்ச்சல் தன் நாளைக் கெடுத்த ஒன்று. பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்த பிறகுதான் அவள் ஈரத்துணியை எடுப்பாள், அதன்பின் அதை உண்மையாகவே அக்கறையோடு செய்வாள். இந்தக் கடைசிப் பகுதி முக்கியம். அவள் நடிக்கிறாள் என்று எழுதினால் பாத்திரம் பிழையாகிவிடும். யாராவது பார்க்கும்போது அவள் தன்னை நல்ல தாயாகவே உணர்கிறாள்.

மருத்துவப் பக்கத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது, கொஞ்சம் மட்டும். உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய ஃபிராய்ட் தன்மோகத்தைப் பற்றி 1914இல் கட்டுரை எழுதினார். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனி ஆளுமைக் கோளாறாக இடம்பிடித்தது 1980இல். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒன்பது அடையாளங்களைத் தருகிறது: தன்னைப் பெரிதாக எண்ணுதல், பெரும் வெற்றி பற்றிய கற்பனை, தான் தனித்துவமானவர் என்ற நம்பிக்கை, ஓயாத புகழ்த்தேவை, தனக்கு எல்லாம் உரியது என்ற எண்ணம், பிறரைப் பயன்படுத்துதல், பிறர் உணர்வை உணராமை, பொறாமை, இறுமாப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார். ஒன்பதையும் ஒரே ஆளில் அடைக்கிறவர்கள் பூதத்தைத்தான் படைக்கிறார்கள். குறிப்பேட்டில் ஐந்தை எழுதி, கதையில் மூன்றைக் காட்டுங்கள். ‘நாசிசிஸ்ட்’ என்ற சொல்லைக் கதைக்குள் யாருடைய வாயிலும் வைக்காதீர்கள். அந்தச் சொல் வந்த இடத்தில் வாசகர் தீர்ப்பை எழுதி முடித்துவிடுவார், மிச்சப் பக்கங்களுக்கு வேலை இருக்காது.

இரண்டாவது படி: அவளுடைய பசிக்கு ஒரு பொருள்

புகழ் வேண்டும் என்றால் எதனால் வரும் புகழ்? ஒரு கதைக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொழும்பில் தமிழ்க் குடும்பங்களுக்குள் அதற்குப் பஞ்சமில்லை: உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, மருத்துவபீட அனுமதி, மகளின் அரங்கேற்றம், கனடா மாப்பிள்ளை, கோயில் திருவிழாவில் உபயம். அரங்கேற்றத்தை எடுத்தால் செலவு, அழைப்பிதழ், பிரதம விருந்தினர், முன்வரிசைக் கதிரை, நட்டுவாங்கம் செய்யும் ஆசிரியையோடு வரும் உரசல் எல்லாம் தானாகவே காட்சிகளாகும். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தையோ வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தையோ நேரில் பார்த்துவிட்டு எழுதுங்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்று அம்மாவுக்கு என்ன தெரியும், பின்வரிசையிலிருந்து அப்பாவுக்கு என்ன தெரியும் என்பது இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

இரண்டு மூன்று பசிகளைக் கலந்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு காட்சியிலும் அம்மா புதிதாக ஒன்றைக் கேட்பாள். குடும்பம் அதற்குப் பழகுவதற்கு நேரம் இருக்காது. பழக்கம் இல்லாவிட்டால் இந்தக் கதை இல்லை.

மூன்றாவது படி: மற்றவர்களை வளைத்து எழுதுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. இப்படியான வீட்டில் பிள்ளைகளுக்குள் இடங்கள் பிரிந்துவிடும். ஒருவர் அம்மாவின் பெருமைக்குரிய பிள்ளை, ஒருவர் பழி சுமக்கும் பிள்ளை, ஒருவர் யார் கண்ணிலும் படாமல் வளரும் பிள்ளை. உளவியல் புத்தகங்களில் இவை நிரந்தரமான வேடங்கள் போலத் தெரியும். வீட்டில் அவை மாறும். மகன் தனக்குப் பிடித்த பெண்ணைப் பற்றி வாய்திறந்த அன்றைக்கே பெருமைக்குரிய இடத்திலிருந்து இறங்குவான், அதுவரை பழி சுமந்த மூத்தவள் அன்று மாலையே “என்ர குஞ்சு” ஆவாள். அந்த ஏற்றத்தில் மூத்தவளுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை எழுதுங்கள். தம்பியின் இழப்பில்தான் தனக்கு அது கிடைத்தது என்று தெரிந்தும் அவளால் அதை மறுக்க முடிவதில்லை. சகோதரங்கள் ஏன் பெரியவர்களான பிறகும் ஒன்றுசேர முடியாமல் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் கதையில் தேவைப்படாது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துவையுங்கள்: அம்மாவால் வந்த ஒரு திறமை, ஒரு பொய், உடம்பில் ஒரு பழக்கம். மூத்தவள் மின்தூக்கி திறக்கும் சத்தத்திலிருந்து அம்மாவின் அன்றைய மனநிலையைச் சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் அதே திறமைக்கு அவளுக்கு நல்ல பெயர், வீட்டுக்கு வந்தால் தோள் இரண்டும் காதுக்குக் கிட்ட ஏறியிருக்கும். மகனுக்கு முப்பது வயதிலும் கடையில் ஒரு சேர்ட் தெரிவுசெய்ய முடியாது, எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பான். கடைசி மகள் நின்றுகொண்டே சாப்பிடுவாள். மேசையில் இருந்தால் பேச்சுக்குள் இழுக்கப்படுவாள் என்று ஐந்து வயதிலேயே கண்டுபிடித்தவள் அவள். பாத்திரத்தைத் தாங்குவது இந்த உடம்புப் பழக்கம்தான். அது காரணம் சொல்லப்படாமல் இரண்டு தடவை வரட்டும், மூன்றாவது தடவை வாசகருக்குக் காரணம் தெரியவேண்டும்.

அப்பாவை எழுதுவதில்தான் பெரும்பாலான கதைகள் சறுக்குகின்றன. அவரைப் பாவம் என்று விட்டுவிடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்குக் கடலோர வீதியான மரைன் டிரைவில் நடக்கப் போகிறவர், பம்பலப்பிட்டி வரைக்கும் போய்த் திரும்பி, இருட்டிய பிறகும் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு மணித்தியாலமும் வீட்டில் பிள்ளைகள் தனியே அம்மாவோடு இருக்கிறார்கள். வந்தபிறகு மூத்தவளின் கையில் ஆயிரம் ரூபாத் தாளை வைத்து “அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை” என்கிறார். அது அன்புதான். அதே நேரம், அம்மாவை எதிர்க்க முடியாது, மறைக்கத்தான் முடியும் என்ற பாடமும் அந்தத் தாளோடு மகளின் கைக்குப் போகிறது. இரண்டும் ஒரே வரியில் இருக்கட்டும். அவரை மன்னிக்கவோ குற்றஞ்சாட்டவோ கதாசிரியர் குரலில் ஒரு சொல்லும் வேண்டாம்.

நான்காவது படி: வீட்டின் வரைபடம்

ஒரு தாளில் வீட்டைக் கீறுங்கள். இரண்டு அறையா, மூன்றா? எந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை? வளர்ந்த மகள் யாரோடு படுக்கிறாள்? விருந்தினருக்கென்று திறக்கப்படாமல் இருக்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் எங்கே, தினமும் பாவிக்கும் விளிம்பு உடைந்த கோப்பைகள் எங்கே? யாருடைய படங்கள் சுவரில் இருக்கின்றன, எந்தப் படத்தில் அம்மா நடுவில் இல்லை? வீட்டில் அந்தரங்கம் இல்லை என்று ஒரு பந்தி எழுதுவதைவிட, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அம்மா பேச்சைத் தொடர்வது போதும்.

ஒழுங்கையின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குக் கரையோர ரயில் சத்தம் கேட்கும். ரயில் கடக்கும் நேரத்தில் பேச்சு நிற்கும். அம்மா அந்த இடைவெளியை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று யோசியுங்கள். சொல்லவந்ததைத் தேக்கிவைத்து, சத்தம் ஓய்ந்ததும் மெதுவான குரலில் சொன்னால் அது அறை முழுக்க விழும். பிள்ளைகளும் அதே சத்தத்துக்குள் தங்களுக்குள் இரண்டு சொல் பேசிக்கொள்ளப் பழகியிருப்பார்கள். இடத்தின் விவரம் இப்படிப் பாத்திரங்களின் கையில் ஒரு கருவியாக வேலைசெய்தால் மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் ரயிலை விட்டுவிடலாம்.

ஐந்தாவது படி: பேச்சு

தொடக்கத்தில் எல்லோரும் எழுதும் வரி: “உன்னைப் பெத்தது என்ர பிழை. நீ ஒண்டுக்கும் உதவாதவள்.” இப்படிப் பேசும் தாய்மார் இருக்கிறார்கள். ஆனால் இந்த வரிக்குப் பிறகு மகள் அழவோ கத்தவோதான் முடியும், காட்சி அங்கேயே முடிந்துவிடும். இதைப் பாருங்கள்:

“அம்மா, எனக்குப் புரமோஷன் கிடைச்சிட்டுது.”

“ஓ, நல்லது பிள்ளை.” கொஞ்சம் பொறுத்து: “எனக்குக் காலமையிலிருந்து தலைச்சுத்து. ஒருத்தரும் கேக்கேல்லை.”

“ஏனம்மா சொல்லேல்லை?”

“நீங்கள் எல்லாரும் உங்கட உங்கட சந்தோசத்தில இருக்கிறியள். நான் ஏன் குழப்புவான்?”

இரவு கனடாவுக்கு: “என்ர மேளுக்குப் புரமோஷன். அவளுக்காண்டி நான் ஏறி இறங்காத கோயில் இல்லை. என்ர விரதம் வீண்போகேல்லை.”

ஒரு வசவும் இல்லை. மகள் சொன்ன செய்தி நான்கு வரிக்குள் காணாமற்போனது. மன்னிப்புக் கேட்கிற இடத்துக்கு அவள் வந்துவிட்டாள். இரவில் செய்தி திரும்ப வரும்போது அது அம்மாவுடையது. மகள் பக்கத்து அறையில் இதைக் கேட்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள், அவள் என்ன நினைத்தாள் என்று சொல்லவேண்டாம்.

அம்மாவின் கையிலுள்ள ஆயுதங்கள் சில: தன் நோயை முன்வைத்தல், ஒப்பிடுதல், நடந்ததை நடக்கவில்லை என்றல், மூன்றாமவர் மூலம் சொல்லியனுப்புதல், நாட்கணக்கில் பேசாமல் விடுதல். ஒரு காட்சிக்கு ஒன்றுதான். இரண்டைப் பாவித்தால் எது குத்தியது என்று வாசகருக்குத் தெரியாது. நடந்ததை மறுக்கும் ஆயுதம் கொழும்பில் ஒரு ஊர்ப் பெயரோடு வரும்: “நான் அப்பிடிச் சொல்லவேயில்லை. உன்னை அங்கொடையிலதான் காட்டோணும்.” அங்கொடையில் இருப்பது இன்று தேசிய மனநல நிறுவகம். பேச்சில் அந்த ஊர் இன்னமும் வசவுதான். உண்மையாகவே உதவி தேவைப்படும் மகள் அங்கே போகத் தயங்குவதற்கு இந்த ஒரு வரியே காரணமாகலாம். அவள் நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கத் தொடங்கியதும் வெட்டிவிடும் காட்சியை அதன்பிறகு எழுதமுடியும்.

மரியாதைச் சொற்களில் கவனமாக இருங்கள். யாழ்ப்பாணப் பின்னணியுள்ள வீட்டில் பிள்ளைகள் பெற்றோரை ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுவார்கள், மிகக் கோபத்திலும் அது மாறாது. சண்டையின் நடுவில் மகள் “நீங்கள் சொன்னனீங்கள்” என்று சொல்லும்போது அந்த ‘ங்கள்’ அவளைக் கட்டிவைத்திருப்பது கேட்கும்.

தொலைபேசிக் காட்சிகளில் நேரம் பிழைப்பது சாதாரணம். கொழும்பில் இரவு 8 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. இலண்டனில் கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 2.30. அம்மா படத்தை வட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு யார் முதலில் பதில் போடுகிறார்கள் என்று காத்திருக்கும் காட்சி, இந்தக் கணக்குச் சரியாக இருந்தால்தான் நிற்கும்.

ஆறாவது படி: சுற்று

இந்த வீட்டில் காலம் வட்டமாகப் போகும். அம்மாவுக்கு ஒன்று தேவை, குடும்பம் அதைச் செய்கிறது, எங்கோ ஒரு குறை, அவள் காயப்படுகிறாள், தண்டனை, பிறகு ஒரு நாள் திடீரென்று இனிமை. இந்த இனிமையை விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. நான்கு நாள் பேசாமல் இருந்தவள் விடியக் காலமை எழும்பி மகளுக்குப் பிடித்த பால்ப்புட்டு அவித்து, தலையை வருடி எழுப்புவாள். அந்தக் காலை உண்மையிலேயே இனியதாக எழுதப்படவேண்டும். வாசகரும் ஒரு நிமிடம் இனி எல்லாம் சரி என்று நம்பவேண்டும். அப்போதுதான் இந்தப் பிள்ளைகள் ஏன் போய்விடவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள்.

3,500 சொல்லுக்கு ஆறு காட்சிகள் சரியாக வரும். இனிய காட்சியை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள். சுற்று இரண்டு தடவைக்கு மேல் முழுதாகச் சுற்றவேண்டாம். இரண்டாவது சுற்றில் இழப்புப் பெரிதாகட்டும்: முதற்சுற்றில் ஒரு சிநேகிதி போனாள் என்றால் அடுத்ததில் ஒரு திருமணப் பேச்சு முறியலாம், அல்லது வீடு கைமாறலாம்.

வீடு நல்ல தேர்வு, ஏனென்றால் சட்டம் அங்கே கதைக்கு உதவுகிறது. “இந்த வீடு உனக்குத்தான்” என்று அம்மா மூன்று பிள்ளைகளிடமும் தனித்தனியே சொல்லியிருக்கிறாள். வாயால் சொன்னதற்கு இலங்கைச் சட்டத்தில் பெறுமதி இல்லை. வீடு, காணி போன்ற ஆதனம் கைமாற, பத்திரம் எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதிப் பத்திரம் எழுதப்படவேண்டும். அவள் நன்கொடை உறுதி எழுதி, சாகும்வரை தனக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டால், பெயர் மகனுடையது, ஆட்சி அவளுடையது. குடும்பம் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டதாக இருந்தால் மனைவி தன் அசைவற்ற ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இவ்வளவு காலம் மரைன் டிரைவில் நடந்துகொண்டிருந்த அப்பாவிடம் அந்த ஒரு கையெழுத்து இருக்கிறது. நன்கொடையை ஏற்பவரும் ஏற்றுக்கொள்ளவேண்டும், ஏற்க மறுக்கலாம். கொடுத்தபின் பிள்ளை கொடிய நன்றிகேடு காட்டினான் என்று நீதிமன்றத்தில் நிறுவி உறுதியை இரத்துச்செய்யவும் வழி இருக்கிறது. ‘நன்றிகெட்டவன்’ என்று வீட்டில் தினமும் கேட்ட சொல் வழக்காக வரக்கூடிய இடம் இது. எழுதிமுடித்ததும் இந்தப் பக்கங்களை ஒரு சட்டத்தரணியிடம் வாசிக்கக் கொடுங்கள்.

ஏழாவது படி: யார் சொல்கிறார்கள்

வளர்ந்த மகளின் ‘நான்’ எளிதாக வரும், அதே வேகத்தில் முறைப்பாட்டுக் கடிதமாகும். அதைத் தேர்ந்தால், அவளும் ஒரு தடவையாவது அம்மாவின் ஆயுதத்தை வேறொருவர் மேல், கடைசித் தங்கச்சி மேலோ தன் பிள்ளை மேலோ, பாவிக்கட்டும். சிறு பிள்ளையின் பார்வை வலுவானது, ஆனால் பிள்ளைக்கு இது வழமையான வீடு என்பதை மறக்கக்கூடாது. எட்டு வயதுக்காரி அம்மாவை விளங்கிக்கொண்டு பேசினால் கதை போய்விட்டது.

எந்தப் பார்வையானாலும், எழுதத் தொடங்குமுன் அம்மாவின் வாயால் ஐந்நூறு சொல் எழுதுங்கள், கதையில் சேர்ப்பதற்கல்ல. அதில் அவள் சொல்வதெல்லாம் அவளுக்கு நியாயமாக இருக்கவேண்டும். எழுதும்போது உங்களுக்கே இரண்டு இடத்திலாவது அவள்மேல் இரக்கம் வராவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

அவளுடைய கடந்தகாலத்துக்கு இரண்டு வசனத்துக்கு மேல் வேண்டாம். 1983 ஜூலையில் எரிந்த வீடு, 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்ட பயணம் என்று ஏதோ ஒன்றைக் காரணமாக்கும் ஆசை வரும். அந்த நாட்களைக் கடந்துவந்த எத்தனையோ பெண்கள் பிள்ளைகளைப் பொத்திப்பொத்தி வளர்த்திருக்கிறார்கள். போரை ஒரு பாத்திரத்தின் குணத்துக்குச் சுருக்கமான விளக்கமாக வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அம்மா அந்த ஜூலையைப் பற்றிப் பேசட்டும், ஆனால் எப்போது, யாருக்கு முன்னால், எதைப் பெறுவதற்காகப் பேசுகிறாள் என்பதைக் காட்டுங்கள். அவள் உண்மையிலேயே பட்ட துன்பம் அது என்பதும் அதே காட்சியில் தெரியவேண்டும். இதைச் சரியாக எழுதுவது கடினம், ஆனால் முயலாமல் விடக்கூடாது.

எட்டாவது படி: முடிவு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கும் முடிவை எழுதவேண்டாம். இவ்வளவு தூரம் கட்டிய ஆள் அப்படிச் செய்யமாட்டாள். மகள் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டுப் படியிறங்கும் முடிவும் வேண்டாம், அது வாசகரின் ஆசை. மாறக்கூடியது குடும்பத்தில் ஒருவரின் ஒரு பழக்கம். மூத்தவள் தெஹிவளையில் ஓர் அறை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் மட்டும் வந்துபோகலாம். கடைசி மகள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். நொத்தாரிசின் அலுவலகத்தில் அப்பா பேனையை வாங்காமல் இருக்கலாம். அந்தச் சிறு மறுப்புக்கு அம்மா என்ன செய்கிறாள் என்பதையும் எழுதுங்கள், அவள் சும்மா இருக்கமாட்டாள்.

திருத்தும்போது

கதையை ஒரு கிழமை விட்டுவைத்து, பிறகு சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் ‘யார் எதை இழந்தார்’ என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராத காட்சி வேண்டாத காட்சி. சுயநலம், கொடுமை, பாசமில்லாத என்ற சொற்கள் விவரிப்பில் வந்தால் வெட்டுங்கள். பேச்சு வரிகளை எண்ணுங்கள். அம்மாவினுடையது மூன்றிலொன்றுக்கு மேல் போனால் வீடு மறைந்துவிட்டதென்று பொருள்.

கதையின் வேர் சொந்த வீட்டில் இருந்தால், ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றுவது கட்டாயம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. கொழும்புத் தமிழ் வட்டம் சிறியது, ஒரு கல்யாண மண்டபத்துக்குள் பாதிப் பேர் சொந்தம். தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, வாழும் இடம் மூன்றையும் மாற்றுங்கள்: வெள்ளவத்தையைக் கொட்டாஞ்சேனையாக்கினால் ரயில் சத்தம் போய்த் துறைமுகமும் தேவாலய மணியும் வரும், கதையே உங்களிடமிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். நடந்த சம்பவம் ஒன்றை அப்படியே வைக்கவேண்டுமென்று தோன்றினால் அதை வேறொரு பிள்ளைக்குக் கொடுங்கள். பிரதியை முதலில் குடும்பத்தைத் தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். ‘இந்த அம்மாவைப் பிடித்திருந்த இடம் எது?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு காட்சியைச் சுட்டினால் சஞ்சிகைக்கு அனுப்பலாம். ஒன்றும் சொல்ல முடியாவிட்டால் பால்ப்புட்டுக் காட்சிக்குத் திரும்பிப் போய் அதைப் புதிதாக எழுதுங்கள்.